ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை, பேரப்பிள்ளைகளுக்கு ஒரு முறை

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுப் பூட்டுக்கு வருடத்தில் ஏழு மாதம் வேலை. மகன் தாம்பரத்தில், மகள் பெங்களூருவில். மகன் வீட்டில் பத்து வயதுப் பேரன். மகள் வீட்டில் ஏழு வயதில் ஒரு பேத்தி, மூன்று வயதில் இன்னொருத்தி. நானும் என் மனைவியும் இரண்டு பெட்டியும் ஒரு பையுமாக இந்த மூன்று ஊருக்கும் நடுவில் ரயிலிலேயே குடியிருக்கிறோம் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. பெட்டிகளை முழுதாகக் காலி செய்து பரணில் ஏற்றியே எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

நான் பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்து 2015-இல் 58 வயதில் ஓய்வு பெற்றேன். வேலை பூராவும் கன்னடியன் வாய்க்கால், நதியுண்ணி வாய்க்கால் என்று கரையிலேயே கழிந்தது. தண்ணீர் தட்டுப்பாடு வந்தால் முறை வைத்துத்தான் விடவேண்டும். இத்தனை நாள் இந்த மடை, இத்தனை நாள் அந்த மடை. முறையை எழுதி வைக்காவிட்டால் தலைமடைக்காரன் வயல் தெப்பமாக நிற்கும், கடைமடையில் பயிர் கருகும். முப்பது வருடம் ஊருக்கெல்லாம் முறை எழுதிய எனக்கு, என் உடம்புக்கு ஒரு முறை எழுதத் தோன்றவில்லை. அதற்கு நான் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களைப் போலப் பெட்டி தூக்கும் தாத்தா ஆச்சிமார் நெல்லைப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

எனக்குச் சர்க்கரை வந்தது 2008-இல். அப்புறம் ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டது. மனைவிக்கு முழங்கால் வலி, பின்னால் கண்புரை. வேலையில் இருந்த வரைக்கும் ஒழுங்காகக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். பேரன் பிறந்ததும் எல்லாம் மாறிப்போயிற்று. மருமகள் வேலைக்குத் திரும்ப வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். போனோம். அங்கிருந்து வந்து மூச்சு விடுவதற்குள் மகளுக்குப் பிரசவம். போனோம். அந்தந்த மாதம் காட்டவேண்டிய டாக்டரை 'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கிடலாம்' என்று தள்ளுவேன். ஊருக்கு வந்தால் வீட்டுவரி, ஒழுகும் ஓடு, ஒரு கல்யாணம், ஒரு துட்டி. பத்து நாளில் மறுபடி ரயில்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதில் பாதி சாக்குத்தான். டாக்டர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற பயத்துக்குப் பேரப்பிள்ளைகளைப் போல வசதியான சாக்கு வேறு கிடைக்காது. யாரும் குறை சொல்ல மாட்டார்கள், பாராட்டக்கூடச் செய்வார்கள்.

முதல் அடி பெங்களூருவில் விழுந்தது. இரண்டு மாதம் என்று போனது மூன்றரை மாதமாக நீண்டு, கொண்டுபோன மாத்திரை தீரப்போகிற நிலை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் போய் நின்றேன். பழைய சீட்டைக் கேட்டார்கள், இல்லை. ஊரில் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. மாத்திரை அட்டையைக் காட்டலாம் என்றால், பெயர் இருந்த பக்கத்தை ஏற்கெனவே கிழித்துத் தின்று முடித்திருந்தேன். "காலையில ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு பச்சை மாத்திரை" என்று நான் சொன்னதை வைத்து அந்த டாக்டர் என்னதான் செய்வார்? ரத்தம் எடுத்துப் பார்த்துப் புதிதாக எழுதிக் கொடுத்தார். வேறு கம்பெனி, வேறு பெயர். நான் அதைக் கூடுதல் மாத்திரை என்று நினைத்துவிட்டேன். மிச்சமிருந்த பழையதையும் போட்டேன், புதியதையும் போட்டேன். இரண்டிலும் இருந்தது கிளிமிபிரைடு என்ற ஒரே சர்க்கரை மருந்து.

மூன்றாம் நாள் ராத்திரி மூன்று மணி இருக்கும். பெரிய பேத்தி என் பக்கத்தில்தான் படுப்பாள். அவள் எழுப்பியதுதான் முதலில் நினைவிருக்கிறது. "தாத்தா, உன் சட்டை ஏன் நனைஞ்சிருக்கு?" என்றாள். எழுந்து உட்காரப் பார்த்தேன், கை கிடுகிடுவென்று ஆடியது. விளக்கைப் போட்டதும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எதற்கென்று தெரியாத கோபம். 'ஏன் விளக்கைப் போட்டே' என்று பிள்ளையைத் திட்டிவிட்டேன். அவள் அழவில்லை, ஓடிப்போய் ஆச்சியை எழுப்பினாள். மனைவி விரலில் குத்திப் பார்த்தாள். 52. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்று கணக்கு.

அவள் படபடக்கவில்லை. மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தாள். சின்ன டீக்கரண்டிதான். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தாள். 74. அதோடு விட்டிருந்தால் மறுபடி இறங்கியிருக்கும். இந்த வகை மாத்திரை உடம்பில் வெகு நேரம் வேலை செய்யும். சீனி ஏற்றிய சர்க்கரை சீக்கிரமே கரைந்துவிடும். அதனால் மேலே இரண்டு இட்லியைத் தின்ன வைத்து, விடிகிற வரை மணிக்கு ஒரு தடவை குத்திப் பார்த்தாள். பிரிட்ஜில் இருந்த பழைய இட்லி, சட்னிகூடக் கிடையாது. அவ்வளவு ருசியான இட்லியை நான் தின்றதில்லை. காலையில் டாக்டரிடம் போனபோதுதான் ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போயிருக்கிறது என்று விளங்கியது. இன்னொன்றும் சொன்னார்: ஆள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும், ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதான்.

அன்று மாலையே மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் ஒரு தாள் அடித்தோம். மாத்திரையின் கம்பெனிப் பெயர் அதில் கிடையாது. மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எந்த வருடத்திலிருந்து, எழுதிக் கொடுத்த டாக்டர் யார். கீழே ஒவ்வாத மருந்து, செய்த ஆபரேஷன், கடைசியாக எடுத்த மூன்று மாதச் சர்க்கரை அளவு. மனைவிக்கும் தனியாக ஒன்று. ஒன்று பெட்டியில், ஒன்று என் பர்ஸில், படம் பிடித்தது பிள்ளைகள் போனில். மருந்தின் பெயர் தெரிந்ததில் இன்னொரு லாபமும் வந்தது. மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகத்திலும் போய், 'இந்த மருந்து இருக்கா' என்று பெயரைச் சொல்லிக் கேட்க முடிகிறது. மாதச் செலவு நன்றாகவே குறைந்திருக்கிறது. இப்போதெல்லாம் அட்டையைக் கிழிக்கும்போது பெயர் இருக்கிற ஓரத்தைக் கடைசி வரை விட்டுவைக்கிறேன்.

மருந்துப் பையைப் பற்றியும் சொல்லவேண்டும். அதைப் பெரிய பெட்டிக்குள் வைக்காதீர்கள், சீட்டுக்கடியில் தள்ளாதீர்கள், தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு தடவை நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கிவிட்டோம், பை மட்டும் எழும்பூர் போய்ச் சேர்ந்தது. மகன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அலைந்து மீட்டு வந்தான். வந்து, "அப்பா, உங்களைவிட இந்தப் பைதான் நல்லா ஊரு சுத்துது" என்றான். தங்கப்போகிற நாளுக்கு மேலே பத்து நாள் மருந்து கூடுதலாக வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. போன வருடத்திலிருந்து ராத்திரிக்கு இன்சுலினும் சேர்ந்திருக்கிறது. பிரிக்காத பேனாவைப் பிரிட்ஜில் வைக்கவேண்டும், ஐஸில் உறைந்தால் அது கெட்டது. ஆகவே ஐஸ் மேலே நேராகப் போடாமல் துணி சுற்றித்தான் ரயிலில் எடுத்துப் போகிறோம்.

இரண்டாவது அடி கண்ணில். முதலாவதைச் சமாளித்த தைரியத்தில் இதைக் கோட்டை விட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். சர்க்கரைக்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கவேண்டும். பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று விடக் கூடாது. உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு வருடம் போகவில்லை. ஒரு வருடம் குறித்த தேதியில் பேரனுக்குப் பள்ளி ஆண்டு விழா. அவன் மரமாக நடித்தான், வசனம் கிடையாது. அடுத்த வருடம் சின்னப் பேத்திக்கு மொட்டை.

அதற்கடுத்த மார்கழியில் ஊரில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது இடது கண்ணில் கறுப்பு நூல் ஒன்று மிதந்தது. கொசு என்று நினைத்துக் கையை வீசினேன். கண்ணை எங்கே திருப்பினாலும் அது கூடவே வந்தது. மறுநாள் அது நூலாக இல்லை, புகைபோலப் படர்ந்திருந்தது. செங்கோட்டைப் பாசஞ்சரைப் பிடித்துத் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அது நெல்லையில் 1988-லிருந்து இருக்கிறது. என் மாமனாருக்குக் கண்ணாடி போட்டதும் அங்கேதான். விழித்திரையில் புதுசாக ரத்தக்குழாய் கிளைத்து ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். லேசர், மூன்று தடவையாக.

சொட்டு மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் பார்வை கலங்கலாகத்தான் இருக்கும். வெளியே வந்தேன், பகல் பன்னிரண்டு வெயில். ஈரடுக்குப் பாலம் எனக்கு வெள்ளைச் சுண்ணாம்பில் தோய்த்த சுவர்போலத் தெரிந்தது. பஸ் நம்பர் தெரியவில்லை, படிக்கட்டு தெரியவில்லை. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் ஜங்ஷன் ரோட்டில் நாங்கள் கைபிடித்து நடந்தது அதுதான் முதல் தடவை. "பாத்து வாங்க, பள்ளம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆகவே கண் காட்டப் போனால் துணைக்கு ஒரு ஆள் கட்டாயம். கறுப்புக் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். பைக்கில் போகாதீர்கள்.

பார்வை பெரும்பாலும் மீண்டது. ஓரத்தில் கொஞ்சம் இருட்டு நின்றுவிட்டது, ராத்திரி வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன். பேரன் பந்தை இடதுபக்கமாகப் போட்டால் எனக்குப் பிடிபடாது. அதைக் கண்டுபிடித்துவிட்டு அவன் அந்தப் பக்கமாகவே போடுகிறான், களவாணி.

அந்தத் தையில்தான் உட்கார்ந்து முறை எழுதினோம். ஆஸ்பத்திரித் தேதிகள் முதலில், ஊர் மாறாமல், டாக்டர் மாறாமல். பேரப்பிள்ளை நாட்கள் அதைச் சுற்றி. இதற்கு முன்னால் தலைகீழாக இருந்தது.

எங்கள் பக்கத்து விவசாயக் கணக்கும் பள்ளிக்கூடக் கணக்கும் இதற்கு நன்றாகவே ஒத்துப்போகின்றன. ஜூன் பிறந்தால் கார் சாகுபடிக்குத் தண்ணீர், குற்றாலச் சாரல், பிள்ளைகளுக்குப் பள்ளி திறப்பு. பள்ளி திறந்த புதிதில் தாத்தா ஆச்சியை யாரும் தேட மாட்டார்கள். எனவே ஜூன், ஜூலை எங்கள் ஆஸ்பத்திரி மாதங்கள். கண், ரத்தம், சிறுநீரில் புரதம் போகிறதா என்ற சோதனை, பாதச் சோதனை, பல் எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள். மனைவியின் கண்புரை ஆபரேஷனும் ஒரு ஜூனில்தான் நடந்தது. அதற்கு முன்னால் இரண்டு தடவை தள்ளிப் போட்டிருந்தாள். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் சொட்டு மருந்து விடவேண்டும், கண்ணில் தண்ணீர் படக் கூடாது, குனிந்து பளு தூக்கக் கூடாது. மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா? பாசத்தில் பாய்ந்து முகத்தில் முட்டினால் போதும். சாரல் காற்றில் வாசல் திண்ணையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த அந்த ஆறு வாரம்தான், பேரன் பிறந்ததிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் லீவு. எனக்கு ரசம் வைக்க வந்ததும் அப்போதுதான்.

ஆகஸ்ட், செப்டம்பர் பெங்களூரு. அக்டோபரில் அங்கே தசரா லீவு, அதை முடித்துவிட்டுக் கிளம்பினால் தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்கு வந்துவிடுவார்கள். அந்தப் பருவத்தில் பிசான நெல் சாகுபடி, வாய்க்காலில் தண்ணீர் ஓடும், பிள்ளைகளுக்குப் பார்க்க ஏதாவது இருக்கும். தீபாவளி கழிந்து வீடு காலியானதும் மறுபடி ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சர்க்கரை என்பது அதற்கு முந்தின இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடும். பெங்களூருவில் பேத்தியோடு சேர்ந்து தின்ற ஐஸ்கிரீம் கணக்கு அதில் தப்பாது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை தாம்பரம், நடுவில் பொங்கலுக்கு மட்டும் ஊர். ஏப்ரல், மே இரண்டும் பிள்ளைகள் இங்கே.

இந்த முறையை மகனிடம் சொன்னபோது அவன் முகம் சுருங்கியது. 'ஜூன்ல நீங்க இல்லன்னா பள்ளிக்கூடம் கொண்டுவிட ஆள்?' என்றான். நான் மென்று முழுங்கினேன். மருமகள்தான் பேசினாள். "மாமா, நீங்க வாறதுக்கு முந்தி எல்லாத்தையும் காட்டிட்டு வாங்க. இங்க வந்து உக்காந்துக்கிட்டு, நல்லாத்தான் இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன்னு பொய் சொல்லாதிய. எங்களுக்குத்தான் பயமா இருக்கு" என்றாள். அவள் ஆலங்குளத்துப் பிள்ளை, சென்னைக்குப் போயும் பேச்சு மாறவில்லை. ஜூன் மாதத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அம்மாவை ஏற்பாடு செய்துகொண்டார்கள். நாங்கள் இல்லாவிட்டால் குடும்பமே நின்றுவிடும் என்று நினைத்திருந்தோம். நிற்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

சில்லறை விஷயங்கள் இரண்டு மூன்று. ரயிலில் முன்பதிவு 120 நாள் இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. டாக்டர் தேதி கையில் இருந்தால்தான் அறுபதாவது நாள் தயங்காமல் டிக்கெட் போடமுடியும். முதியோர் சலுகை 2020 மார்ச்சோடு போயிற்று, ஆனால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. டிக்கெட் போடும்போது அதைக் கேட்டு வாங்கவேண்டும். பென்ஷன் நேர்காணலுக்காக ஒரு வருடம் தாம்பரத்திலிருந்து அடித்துப் பிடித்து ஓடிவந்தேன். பிறகுதான் தெரிந்தது, தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல்ரேகை வைத்து 70 ரூபாயில் உயிர்வாழ் சான்றை முடித்துக் கொடுப்பார் என்று. பென்ஷன்காரர்களுக்கு மருத்துவக் காப்பீடு 2022-இல் வந்தபோது மாதம் 497 ரூபாய் என்று பிடித்தார்கள், மனைவிக்கும் சேர்த்து. அடையாள அட்டையைப் பீரோவில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். தங்கப்போகிற ஊரில் எந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்று நல்ல உடம்போடு இருக்கும்போதே விசாரித்து வையுங்கள்.

எங்கள் தெருவுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வருகிற பெண், பூட்டைப் பார்த்துப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறாள். இப்போது நாங்கள் ஊரில் இருக்கிற மாதங்களை அவளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வந்து அழுத்தம் பார்த்து எழுதிவிட்டுப் போகிறாள். போகும்போது எங்கள் ஊர் அப்பளம் ஒரு கட்டு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்பாள், மனைவி விடமாட்டாள்.

மனைவியின் முழங்கால்தான் இன்னும் முடிவாகவில்லை. மாற்று மூட்டு வைக்கலாம் என்கிறார்கள். நடை பழக இரண்டு மூன்று மாதமாவது ஆகும். அப்படியானால் ஜூன், ஜூலையோடு ஆகஸ்ட்டும் போகும், பெங்களூரு முறை கைவிட்டுப் போகும். சின்னவளுக்கு இந்த ஆகஸ்ட்டில் நீச்சல் வகுப்பாம், ஆச்சி வந்து பார்த்தே ஆகவேண்டுமாம். "அடுத்த வருஷம் பாத்துக்கிடலாங்க" என்று மனைவி ஆரம்பித்தாள். நான் ஒன்றும் பேசாமல் காலண்டரை எடுத்து அவள் மடியில் வைத்தேன். ஜூன் பக்கத்தில் பெரிய பேத்தி போன லீவில் வரைந்துவிட்டுப் போன கண் ஒன்று இருக்கிறது. இமையெல்லாம் வைத்து, பக்கத்தில் 'தாத்தா கண்ணு நாள்' என்று எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே ஒரு காலையும் வரையச் சொல்லி, போன் போட்டுக் கேட்டுவிட்டோம். 'முட்டி எப்படிப் போடுறது?' என்று அவள் கேட்டாள். வட்டமாகப் போடு என்றேன்.

பெங்களூருவிலிருந்து அவர்கள் லீவுக்கு வருவதற்கான டிக்கெட் நாளை காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. அதைப் போடவேண்டியது மகன். ஏழே முக்காலுக்கு அவனைப் போனில் எழுப்பிவிட வேண்டும்.